தொண்ணூற்றெட்டு கிலோ, கழிவு கிடையாது

புதிதாகக் கொழுந்துத் தராசுக்கு வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, முருகன் எல்லோருக்கும் துணை இருக்கட்டும்.

நான் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் கொழுந்து நிறுத்த கணக்கப்பிள்ளை. ஓ.எல். வரைக்கும்தான் படித்தேன். அதிலும் கணக்குப் பாடம் சித்தியில்லை. அந்த நான் கணக்கப்பிள்ளை ஆனது அம்மன் அருள். உங்களுக்கு இப்போது பற்றரித் தராசு, எண் தானாக விழுகிறது. எங்கள் காலத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையின் உத்தரத்தில் கட்டித் தொங்கும் முள்ளுத் தராசு. தராசைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது என் வயிற்றைப் பற்றி. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நடந்த அன்று எல்லோரும் சிரித்தார்கள், என்னைத் தவிர.

எனக்குச் சீனி என்றால் உயிர். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஒரு தேத்தண்ணீர், மலைக்குப் போகும் வழியில் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் ஒரு தேத்தண்ணீர். கணக்கப்பிள்ளைக்குக் கொடுப்பது என்றால் மூன்று கரண்டி சீனி போடுவார்கள், அது மரியாதை. அதைக் குடித்துவிட்டு, உள்ளங்கையில் இன்னொரு கரண்டி வாங்கி நக்கிக்கொண்டே நடப்பேன். டவுனுக்குப் போனால் பேக்கரியில் சீனி பனிஸ் நாலு. கோவிலில் பிரசாதம் கொடுக்கும் பொறுப்பும் என்னுடையது. சாமி கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வது பாவம் என்று நான் உண்மையாகவே நம்பினேன். அதனால் எனக்கு ஒரு தரம், வீட்டுக்காரிக்கு ஒரு தரம், வராத மகளுக்கு ஒரு தரம் என்று வரிசையில் நிற்காமலே வாங்கி, மூன்றையும் வீட்டுக்குப் போகும் பாதையிலேயே முடித்துவிடுவேன்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த சீனி. தெரியாத சீனி ஒன்று இருந்தது. டின்பால். தராசு வைக்கிற மரப்பெட்டிக்குள் அந்தக் கெட்டி இனிப்புப் பால் ஒரு டின், ஒரு கரண்டி. காலை நிறுவை முடிந்து பெண்கள் மலைக்கு ஏறியதும் மடுவத்துக் கதவைச் சாத்துவேன். ஒரு கரண்டி என்றுதான் தொடங்குவேன். பிறகு டின்னைக் கவிழ்த்து, விரலால் ஓரம் வழித்து, வெறும் டின்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இனிப்பு நாக்கை விட்டுப் போன நிமிஷமே ஒரு வெட்கம் வரும். அந்த வெட்கத்துக்கு மருந்தாக அடுத்த டின்னைத் தேடுவேன்.

பாக்கியக்கா என்று ஒரு கொழுந்துக்காரி இருந்தார். எங்கள் பிரிவில் கை வேகத்திலும் வாய் வேகத்திலும் முதல் ஆள். ஒரு நாள் தராசில் சாக்கை மாட்டும்போது சொன்னார்:

"ஐயா, தராசு பூரா எறும்பு. தராசும் இப்ப சீனி திங்குதா?"

"மழைக்கு எறும்பு வரத்தான் செய்யும்."

"நம்ம லயத்துலயுந்தான் மழ பெய்யுது. எங்க படங்குச் சாக்குல எறும்பக் காணோமே."

நான் அன்றைக்கு அவருடைய சாக்கில் தண்ணீர்க் கழிவு மூன்று கிலோ என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

இந்தக் கழிவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாக்கின் எடைக்கு ஒரு கிலோ கழிப்போம். மழை நாளில் கொழுந்தில் இருக்கும் தண்ணீருக்கு மூன்று கிலோ கழிப்போம். அடைமழை என்றாலும் மூன்று, தூறல் என்றாலும் மூன்று. யார் வைத்த மூன்று என்று எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் இருந்தவர் மூன்று கழித்தார், நானும் கழித்தேன். பெண்கள் "இவ்வளவு தண்ணி எங்கங்க இருக்கு?" என்று கேட்பார்கள். "வழக்கம்" என்பேன். அதற்கு மேல் பேச்சு இல்லை.

வீட்டில் சரசு, என் மனைவி, சீனிப் போத்தலை ஒளித்து ஒளித்துக் களைத்துப் போனாள். கடைசியில் சாமி ராக்கையில், முருகன் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"இனி எடுக்கிறதுன்னா அவர்கிட்ட கேட்டுட்டு எடுங்க" என்றாள்.

பக்தியுள்ள மனிதனை மடக்க நல்ல யோசனைதான். இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் குளித்து, திருநீறு பூசி, சூடம் கொளுத்தி, "அப்பனே, ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. மறுநாளும் மறுக்கவில்லை. அந்த மாதம் எங்கள் வீட்டில் நடந்ததுபோல் பூசை எந்த வீட்டிலும் நடந்திருக்காது. "அப்பா ரொம்ப மாறிட்டாரும்மா" என்று மகள் கண் கலங்கினாள். சரசு போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கண் கலங்கினாள்.

அந்த ஐப்பசி மழையில் ஏழாம் நம்பர் மலைக்குப் போகும், கொழுந்து ஏற்றும் றக்டர் வண்டிப் பாதை சரிந்தது. அதுவரை நான் றக்டரில் உட்கார்ந்து போனவன். இனிமேல் படி ஏறவேண்டும். பங்களா மதகிலிருந்து மேல் மடுவம் வரை கல்லும் மண்ணுமாக ஒரே ஏற்றம். முதல் நாள் பாதி வழியில் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செடி வேரோடு வந்தது. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது பெண்கள் ஒரு மணிநேரமாகக் காத்திருந்தார்கள். சாக்குக்குள் அமுங்கிக் கிடந்த கொழுந்து சூடேறிச் சிவந்துவிட்டது. அவர்கள் விரல் வலிக்கக் கொய்தது. தொழிற்சாலையில் அதைத் தள்ளிவிட்டார்கள்.

மூன்று நாள் இப்படி ஆனதும் தோட்டத்து மனேஜர் துரை கூப்பிட்டார். வயது முப்பது இருக்கும், அமைதியான பிள்ளை.

"கணக்கப்பிள்ளை, நீங்க மேல போய்ச் சேர்ற நேரம் கொழுந்து கீழ வந்திருக்கணும். எனக்கு மலை ஏறுற ஆள்தான் வேணும். முதல்ல டிஸ்பென்சரில காட்டிட்டு வாங்க."

எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவரை டாக்டர் ஐயா என்போம். கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்கள மனிதர். பெயர் வேண்டாம், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. இரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"சீனி நிறைய" என்றார்.

"ஆமாங்க ஐயா, மூணு கரண்டி."

"தேத்தண்ணில இல்ல. உங்க ஒடம்புல." என் காலைத் தூக்கிப் பார்த்தார். பெருவிரலில் அட்டை கடித்த புண் ஆறாமல் இருந்தது. "இந்த வெரல் வேணுமா?"

வேணும் என்றேன். பத்துக் கிலோவாவது குறையவேண்டும், வாரம் ஒரு தரம் நிறுத்துப் பார்க்கவேண்டும் என்றார். டிஸ்பென்சரியில் இருந்ததோ குழந்தைகளை நிறுக்கும் தராசு மட்டும். அதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

துரை தவணை கொடுத்தார். சிவராத்திரிக்கு முந்தின சனிக்கிழமை அவர் ஏழாம் நம்பர் மலைக்கு வருவார். காலை நிறுவைக்கு முன்னால் நான் அங்கே நிற்கவேண்டும், உடம்பும் டாக்டர் சொன்ன அளவுக்கு இறங்கியிருக்கவேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வயதுக்கு முன்பே ஓய்வு. ஓய்வு என்றால் குவாட்டர்ஸை விட்டுப் போகவேண்டும். சின்ன மகள் ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் சொல்லவில்லை.

சரி, முதலில் எடை பார்ப்போம் என்று முடிவு செய்தேன். பெரிய ஆளை நிறுக்கத் தோட்டத்தில் இருந்த ஒரே தராசு என்னுடையதுதான். மறுநாள் பெண்கள் வருவதற்கு முன்னால், தராசு கட்டும் ராமையாவைக் கூட்டிக்கொண்டு கீழ் மடுவத்துக்குப் போனேன். ஒரு தேயிலைப் பெட்டிமேல் ஏறி, கொழுந்துச் சாக்குக்குள் காலை மடக்கி உட்கார்ந்தேன். சாக்கு வாயைக் கொக்கியில் மாட்டிய ராமையா பெட்டியை உருவினார். உத்தரம் 'க்ரீச்' என்றது. நான் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் தொங்கினேன். முகம் சுவர்ப் பக்கம்.

"என்னா காட்டுது ராமையா?"

"ஐயா..." என்று இழுத்தவர், வெளியே பார்த்து அலறினார். "ஐயய்யோ, ஆடு! கோவாவுக்குள்ள பூந்துருச்சு! ரெண்டே நிமிஷம்ங்க!"

ஓடிவிட்டார். அவருடைய முட்டைக்கோவாப் பாத்தி லயத்துக்குப் பின்னால். ஆட்டுக்கு என்ன அவசரம்? எனக்கு இறங்கவும் வழியில்லை, பெட்டியை அவர் தள்ளி வைத்துவிட்டார். கந்தர் சஷ்டி கவசம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் பேச்சுச் சத்தம் கேட்டது. சாக்கு மெதுவாகத் திரும்பியது. திரும்பியபோது மடுவத்து வாசலில் முப்பது பெண்கள் நின்றார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பாக்கியக்கா கூடையை இறக்கி வைத்தார். முள்ளுக்குக் கீழே வந்து, நான் வழக்கமாகப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டு" என்றார். "இன்னும் ரெண்டு கோடுங்க. அதுக்கு மேல தராசே கெடையாது."

அப்போதுதான் வெடித்தது சிரிப்பு. ஒருத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எறக்கி விடுங்கம்மா" என்றேன். "சாக்கும் சேர்த்துத்தான் அது. சாக்குக்கு ஒண்ணு கழிங்க."

பாக்கியக்கா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களாடி? ஐயாவுக்குக் கழிவு வேணுமாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நாங்க தொங்கவிட்டா சாக்குக்குக் கழிப்பீங்க, தண்ணிக்குக் கழிப்பீங்க, முத்தல் எலைக்குக் கழிப்பீங்க. உங்களுக்கு ஒரு கிராம் கழிக்க மாட்டோம். தொண்ணூத்தெட்டு. கழிவு கெடையாது."

இறக்கிவிட்டார்கள். விஷயம் என்ன என்று கேட்டார்கள். முப்பது பேர் முன்னால் சாக்குக்குள்ளிருந்து எழுந்து வந்த மனிதனுக்கு மறைக்க என்ன இருக்கிறது? விரல், துரை, சிவராத்திரி, குவாட்டர்ஸ் எல்லாம் சொன்னேன். டின்பாலை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப வாராவாரம் சனிக்கெழம சாய்ந்தர நிறுவை முடிஞ்சதும் நாங்களே நிறுக்கிறோம்" என்றார் பாக்கியக்கா. "புது ஆள் ஒருத்தன் வந்து நாலு கழிச்சான்னா நாங்க எங்க போறது? நீங்க மூணோட நிக்கிறீங்க."

என்னிடம் அவர்களுக்கு இருந்த அன்பின் அளவு அது. ஒரு கிலோ.

அன்றிலிருந்து தோட்டமே மாறியது. லயங்களில் எனக்குச் சாயத் தேத்தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள், சீனி இல்லாமல். டவுன் கடைக்காரர் பனிஸ் பெட்டியை மூடிப் பிடித்துக்கொண்டு, "பாக்கியக்கா சொல்லியிருக்காங்க" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என் பின்னால் வந்து "தொண்ணூத்தெட்டு!" என்று கத்தின.

எனக்கு ரோசம் வந்தது. மற்றவர் கட்டாயத்தில் என்ன, நானே சாமியை வைத்துச் சாதித்துக் காட்டுகிறேன் என்று ஒரு மண்டலம் விரதம் எடுத்தேன். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர். இனிப்பு தொடுவதே இல்லை. பத்து நாள் நடந்தது. பதினோராம் நாள் கார்த்திகைத் தீபம்.

தம்பிமாரே, இதுதான் என் பெரிய பிழை. கேளுங்கள்.

கோவிலில் அன்று சர்க்கரைப் பொங்கல். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. பூசாரி, "கணக்கப்புள்ள, களஞ்சியத்துல வாளியில பொங்கல் இருக்கு, எடுத்தாங்க" என்று அனுப்பினார். உள்ளே போனேன். நெய் வாசனை. கதவு என் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. சாத்தியது நான்தான் என்று பிறகு யோசித்தபோது தெரிந்தது. ருசி பார்ப்போம் என்று ஒரு விரல். சாமிக்குப் படைத்ததில் உப்புக் கரித்துவிடக்கூடாதே என்று இன்னொரு விரல். பிறகு கை முழுதாக உள்ளே போனது. ருசி என்று ஒன்று தெரியவே இல்லை. யாரோ துரத்துவதுபோல விழுங்கினேன். முந்திரிப்பருப்பு ஒன்று தொண்டையில் நின்றபோதுதான் நினைவு வந்தது. வாளியில் பாதியைக் காணோம்.

வெளியே வரிசை நின்றது. வாளியைப் பார்த்த பூசாரி அதிர்ந்தார்.

"என்னாங்க இது? பூனை பூந்துருச்சா?"

நான் சொன்னேன்: "ஆமாங்க. பூனை."

மீசையில் பொங்கல் ஒட்டியிருந்ததாம். பூசாரி பெரிய மனிதர், பார்த்தும் கேட்கவில்லை. வரிசையின் கடைசியில் நின்றவர்கள் வெறும் கையோடு போனார்கள். அந்தக் கடைசியில் பாக்கியக்காவும் ஒருவர்.

சனிக்கிழமை வந்தது. தொங்கினேன். முள் இரண்டு கோடு ஏறி நின்றது.

பாக்கியக்கா நிதானமாகப் படித்தார்: "பூனை ரெண்டு கிலோ கூடிருச்சுடி."

அன்றைக்கு நான் சாக்குக்குள்ளேயே அழுதேன். அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை இறக்கினார்கள். ஒரு பிள்ளை முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தது. அழுதுகொண்டே டின்பால் கதையையும் சொன்னேன். "அது எங்களுக்கு எறும்பு வந்தன்னைக்கே தெரியும்" என்றார்கள்.

மறுநாள் டாக்டர் ஐயாவிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"கதவு தொறந்தா, மூடியா?"

"மூடிங்க ஐயா."

"டின்பால் சாப்புடுற நேரம்?"

"அதுவும் மூடித்தான்."

"அப்ப வியாதி அங்கதான்." அவருடைய தமிழ் உடைந்து உடைந்து வரும், ஆனால் நேராக வரும். "பகல் பூரா பட்டினி கிடந்தா ராவைக்குப் பேய் மாதிரித்தான் தின்னுவீங்க. சாமி பட்டினி கேக்கல்ல. மூணு வேளை நல்லாச் சாப்புடுங்க. பருப்பு, கீரை, முட்டை. இனிப்பு வேணும்னா கொஞ்சம் சாப்புடுங்க. ஆனா கதவத் தொறந்து வச்சு, உக்காந்து, ஆள் பாக்கச் சாப்புடணும். மூடின கதவுக்குப் பின்னால தண்ணி கூடக் குடிக்க வேணாம்."

வீட்டுக்குப் போய், விரதத்தை முடித்துக்கொள்கிறேன் என்று முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்தத் தடவை அவர் மறுக்காததை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சீனிப் போத்தல் சமையலறைக்குத் திரும்பிப் போனது. சரசு குரக்கன் ரொட்டியும் பருப்பும் காலையிலேயே கட்டித் தந்தாள். அதை மடுவத்து வாசலில், எல்லோரும் போகும் வழியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்த்து, "என்னாங்க கறி?" என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் கூச்சம். பிறகு அந்தக் கேள்வி இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை.

ஆசை வராமல் இல்லை. வரும். மத்தியான நிறுவை முடிந்ததும் சரியாக வரும், சம்பளம் வாங்க வருவதுபோல. வந்தால் எழுந்து படி ஏறத் தொடங்குவேன். மூச்சு வாங்கும்போது ஆசைக்குப் பேச இடம் இல்லை. மேலே போய்ச் சேரும்போது அது பாதி வழியில் எங்கேயோ உட்கார்ந்திருக்கும். சில நாள் அது என்னை ஜெயித்தது. ஜெயித்த நாளில் பாக்கியக்கா முன்னாலேயே பனிஸைத் தின்றேன். "ரெண்டாவது வேணுமாங்க?" என்று அவர் கேட்பார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது பனிஸ் தின்ன யாராலும் முடியாது.

மார்கழி முழுக்கப் பசனை, விடிய விடியப் பொங்கல். மூன்று விரலால் எடுக்கிற அளவு பிரசாதம் என்று முடிவு செய்தேன். பூசாரி என் கையில் வைத்துவிட்டு, மற்றவர்கள் பக்கம் திரும்பி, "பூனைக்குப் போட்டாச்சு" என்பார்.

சிவராத்திரிக்கு முந்தின சனிக்கிழமை. விடியும்போதே தூறல். நான் மழைக்கோட்டை மறந்துவிட்டேன், பதற்றம். வேல் வேல் என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். எந்தச் செடியையும் பிடிக்கவில்லை. மேல் மடுவத்துக்கு நான் போன பிறகுதான் முதல் கூடை இறங்கியது. துரை மணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டினார். டாக்டர் ஐயாவும் கூட வந்திருந்தார், குடையோடு.

"எடை எப்படிப் பார்க்கிறது?" என்று துரை கேட்டார். அவருக்கு எங்கள் முறை தெரியாது. பெண்கள் சாக்கை எடுத்து விரித்தார்கள். துரையின் முன்னால் நான் சாக்குக்குள் இறங்கி உட்கார்ந்தேன். ராமையா பெட்டியை உருவினார். துரை வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"தொண்ணூறு" என்றார் பாக்கியக்கா. குரல் இறங்கிவிட்டது.

எண்பத்தெட்டு வேண்டும். இரண்டு கிலோ அதிகம்.

துரை யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை, என்னைக் காப்பாற்ற வழி தேடினார். "நனைஞ்சிருக்கீங்களே" என்றார். "தோட்டத்து வழக்கப்படி தண்ணிக்கு மூணு கழிக்கலாம்தானே? எண்பத்தேழு. சரி, நீங்க பாஸ்."

குவாட்டர்ஸ் இருக்கிறது. மகள் பரீட்சை எழுதலாம். சரி துரை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அப்போது சாக்கு மெதுவாகத் திரும்பியது, அந்த முதல் நாளைப் போலவே. பெண்கள் வரிசையாக நின்றார்கள். தலையில் படங்கு, காலடியில் நனைந்த கூடை. பாக்கியக்கா என்னைப் பார்க்காமல் தன் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்றை இன்று நான் வாங்கிக்கொண்டால், பிறகு எந்த வாயால் அவர்களுடைய கேள்விக்குப் பதில் சொல்வேன்? வாங்காவிட்டால் வீடு?

தொங்கிக்கொண்டு யோசிப்பது கஷ்டம், தம்பிமாரே. இரத்தம் முழுக்கக் காலுக்குப் போய்விடுகிறது.

"துரை" என்றேன். "மூணு இருக்காதுங்க. புழிஞ்சு பாத்துருவோம்."

இறக்கினார்கள். டாக்டர் ஐயா குடையை விரித்து மறைப்புப் பிடித்தார். அதற்குப் பின்னால் ராமையா மாற்றுக்கு வைத்திருந்த சாரத்தைக் கட்டிக்கொண்டு, என் கம்பளிச் சட்டை, சேர்ட், காற்சட்டை எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தேன். தராசில் மாட்டினார்கள். பிறகு இரண்டு பெண்கள் இரண்டு பக்கம் பிடித்து, துணி கதறக் கதறப் பிழிந்தார்கள். மறுபடி மாட்டினார்கள். ஒரு கிலோதான் குறைந்தது. அதுவும் முழுதாக இல்லை.

"எண்பத்தொம்போது" என்றேன் நானே. "இன்னும் ஒண்ணு இருக்குங்க துரை. நான் பெயில்."

பாக்கியக்கா மெதுவாகத் தன் கூடைக் கொழுந்தைச் சாக்கில் கொட்டிக் கொக்கியில் மாட்டினார். துரையைப் பார்க்கச் சொன்னார். பிறகு கொழுந்தைப் படங்கில் கொட்டி, உதறி, துடைத்து, மறுபடி சாக்கில் போட்டு மாட்டினார். அங்கேயும் ஒரு கிலோதான் குறைந்தது.

"தூறலுக்கு ஒண்ணுதாங்க" என்றார். "இத்தன வருஷமா மூணு."

துரை தராசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரவல் சாரத்தில் நடுங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து என்ன நினைத்தாரோ. டாக்டர் ஐயா அவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"நீங்க நேரத்துக்கு வந்தீங்க" என்றார் துரை கடைசியில். "அந்த ஒரு கிலோவுக்கு இன்னும் ஒரு மாசம். இனிமே மழை நாள்ல தண்ணிய இப்படி நிறுத்துப் பார்த்துத்தான் கழிக்கணும். வாயால இல்ல."

அந்த ஒரு கிலோ பன்னிரண்டு நாளில் போனது. விரலும் ஆறியது. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வயிற்றில் போன சீனியை ஏறி இறங்கிக் கரைத்துவிடலாம். முப்பது வருஷமாக நான் "வழக்கம்" என்று வாயால் கழித்ததை எந்தப் படியில் ஏறிக் கரைப்பது? அம்மனிடம் கேட்டேன். இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் பற்றரித் தராசிலும் கழிவுக்கு ஒரு பொத்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதை அழுத்துவதற்கு முன்னால், முடிந்தால் ஒரு தரம் நீங்களும் தொங்கிப் பாருங்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று, சாய்ந்தர நிறுவை முடிந்ததும் பெண்கள் சாக்கை விரித்தார்கள். நானே இறங்கி உட்கார்ந்தேன்.

"எண்பத்தி நாலு" என்று படித்தார் பாக்கியக்கா. என்னை இறக்கிவிட்டு, வெறும் சாக்கை மட்டும் தனியாக மாட்டிப் பார்த்தார். "சாக்குக்கு முக்காக் கிலோ கழிங்கடி. எண்பத்திமூணே கால்."

எனக்கு முதல் தரமாகக் கழிவு கொடுத்தார்கள்.

பிறகு செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கையில் வைத்தார். பிரித்தேன். ஒரு டின்பால். மடுவமே சிரித்தது. மகன் வயதுக் கங்காணி ஒருவர் கதவோரம் நின்றார். பாக்கியக்கா அவரை நகரச் சொல்லி, கதவை அகலத் திறந்து கல் வைத்தார்.

"இப்ப சாப்புடுங்க ஐயா" என்றார்.

டின்னை உடைத்து, பாக்கியக்காவில் தொடங்கி முப்பது பேர் கையிலும் ஒவ்வொரு கரண்டி வைத்துக்கொண்டே வந்தேன். என் முறை வந்தபோது ஓரத்தில் ஒட்டியிருந்தது மட்டும்தான் மிச்சம். வழித்தேன். சரியாக மூன்று விரல் அளவு இருந்தது.